பண்ணைக் கணக்கை மாணவருக்குக் கற்பித்தல்: தீராத ஒரு விவாதம்

பண்ணையின் வரவு செலவை எழுதி வைக்க மாணவருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதை வேளாண் கல்வியாளர் எவரும் மறுத்ததில்லை. எந்தக் கணக்கை, யாருடைய கணக்கை, என்ன முடிவெடுப்பதற்காக எழுதக் கற்பிப்பது என்ற இடத்தில்தான் கருத்துகள் பிரிகின்றன. இந்தக் கேள்விக்கு ஜெர்மனியின் பெருநிலக்கிழார்கள், சுவிட்சர்லாந்தின் விவசாயச் சங்கம், அமெரிக்கத் தொழிற்கல்விப் பள்ளிகள், வங்கிகள், இந்திய விலை நிர்ணய அமைப்புகள் எனப் பல தரப்பினர் இருநூறு ஆண்டுகளாகப் பதில் சொல்லி வந்திருக்கின்றனர். அந்தப் பதில்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒவ்வொரு கணக்கு முறையும் அதைக் கேட்டவரின் தேவைக்கேற்ப உருவானது. கேட்டவர் பெரும்பாலும் கணக்கை எழுதிய விவசாயி அல்லர். மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எழும் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கிருந்தே வருகிறது.

இரட்டைப் பதிவு: முழுமையின் ஆசை

நவீன வேளாண் கல்வியின் தொடக்கப் பெயர்களில் ஒன்று ஆல்பிரெக்ட் தேயர். 1806இல் பெர்லினுக்கு அருகே மோக்ளின் என்ற இடத்தில் அவர் வேளாண் கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். 1809 முதல் 1812 வரை வெளிவந்த அவருடைய பெருநூல், பண்ணையை இலாபம் தேடும் தொழிலாகவே பார்த்தது. அவ்வாறு பார்த்தவருக்கு வணிகரின் இரட்டைப் பதிவு முறை இயல்பான கருவியாகத் தோன்றியது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பேரேட்டுக் கணக்கு, மாட்டுத் தொழுவத்துக்கு ஒன்று, பால் பண்ணைக்கு ஒன்று என்று பிரித்து எழுதினால் எது சம்பாதிக்கிறது, எது தின்கிறது என்று தெரிந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. தேயரிடம் சில காலம் பயின்ற யோஹான் ஹைன்ரிஷ் ஃபான் தூனன், 1810இல் வாங்கிய டெல்லோ பண்ணையில் ஆண்டுக்கணக்காக நுணுக்கமான கணக்கு வைத்திருந்தார். 1826இல் அவர் வெளியிட்ட நிலப் பயன்பாட்டுக் கோட்பாடு அந்தக் கணக்குகளின் மீது நின்றது. பண்ணைக் கணக்கு ஓர் அறிவியலுக்கே அடித்தளமாக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இந்த முறையின் பலவீனமும் அதே நுணுக்கத்தில்தான் இருந்தது. தொழுவத்திலிருந்து வயலுக்குப் போகும் எருவுக்கு என்ன விலை போடுவது? வயலிலிருந்து தொழுவத்துக்கு வரும் வைக்கோலுக்கு? இரண்டும் சந்தைக்குப் போகாமல் பண்ணைக்குள்ளேயே கைமாறுபவை. எருவின் மதிப்பைச் சற்றுக் கூட்டினால் மாடு இலாபமாகத் தெரியும், கோதுமை நட்டமாகத் தெரியும். குறைத்தால் இரண்டும் தலைகீழாகும். பேரேடு ஒரு காசு பிசகாமல் நேராகும். ஆனால் அது சொல்லும் செய்தி, எழுதுபவர் முதலில் போட்ட ஊகத்தின் எதிரொலியாகவே இருக்கும். பற்றும் வரவும் சமமானால் கணக்கு சரி என்று நம்பப் பழகும் மாணவருக்கு இந்த வேறுபாட்டை உணர்த்துவது எளிதன்று. கணக்கு எழுதத் தனி எழுத்தரை அமர்த்த முடிந்த பெரும்பண்ணைகளுக்கே இந்த முறை பொருந்தியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சங்கம் முடிக்கும் கணக்கும் சயானோவின் மறுப்பும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் வேறு பதில் உருவானது. எர்ன்ஸ்ட் லவுர் தலைமையில் ப்ரூக் நகரில் இயங்கிய விவசாயிகள் சங்கச் செயலகம், குடும்பப் பண்ணைகள் எழுதிய கணக்குகளை 1901 முதல் திரட்டி, ஒரே முறையில் முடித்து, சராசரிகளை வெளியிட்டது. விவசாயி அன்றாடம் எளிய பதிவுகளை மட்டும் எழுதினால் போதும். ஆண்டிறுதியில் கணக்கை முடிக்கும் கடினமான வேலையைச் செயலகம் பார்த்துக்கொண்டது. அரசின் விலை, சுங்க வரிக் கொள்கைகளில் விவசாயிகளின் தரப்பை எண்களால் வாதிடச் சங்கத்துக்கு இது வலுவான ஆயுதமாயிற்று. 1965இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அமைத்த பண்ணைக் கணக்குத் தரவு வலையமைப்பும் மாதிரிப் பண்ணைகளின் ஏடுகளைத் திரட்டிக் கொள்கைக்குப் பயன்படுத்தும் இதே வழியில் வந்தது.

கற்பித்தலின் கோணத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. எழுதுபவர் ஒருவர், முடிப்பவர் இன்னொருவர். எழுதுபவருக்குத் திரும்பி வருவது ஒரு முடிவு எண் மட்டும்.

ஆழமான மறுப்பு ரஷ்யாவிலிருந்து வந்தது. குடும்பப் பண்ணைகளின் வரவு செலவு ஆய்வுகளில் தேர்ந்த அலெக்சாண்டர் சயானோவ், கூலியாள் வைக்காத விவசாயக் குடும்பத்தின் உழைப்புக்குச் சந்தைக் கூலியை ஏற்றி இலாபம் கணக்கிடுவதே தவறான கேள்வி என்றார். அந்தக் குடும்பம் ஆண்டு முழுவதும் உழைத்துக் கிடைக்கும் மொத்த வருவாயையும், அதற்காகப் படும் பாட்டையும், வீட்டின் தேவையையும் எடைபோட்டே முடிவெடுக்கிறது. கூலிக் கணக்கின்படி அது ஆண்டுதோறும் நட்டத்தில் ஓடும் பண்ணையாக இருக்கலாம். ஆயினும் அது மூடப்படுவதில்லை. சயானோவின் கோட்பாடு எல்லாக் குடும்பப் பண்ணைகளுக்கும் பொருந்துமா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் குடும்ப உழைப்புக்கு என்ன எண் போடுவது, போடத்தான் வேண்டுமா என்ற கேள்வியைப் பாடநூல்கள் ஒரு வரியில் தாண்டிப் போவதற்கு எதிராக அது இன்னும் வலுவோடு நிற்கிறது.

அமெரிக்காவின் மாணவர் பண்ணை

மாணவரையே விவாதத்தின் நடுவில் நிறுத்தியது அமெரிக்கா. அங்கும் தொடக்கத்தில் கணக்கு ஆய்வாளரின் கருவியாகத்தான் இருந்தது. 1902இல் மினசோட்டாவில் டபிள்யூ. எம். ஹேய்ஸும் ஆண்ட்ரூ பாஸும் பண்ணை பண்ணையாகச் சென்று வேலை நேரத்தையும் செலவையும் பதியும் ஆட்களை அமர்த்தினர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வாரன் மாற்று வழியை எடுத்தார். நூற்றுக்கணக்கான விவசாயிகளிடம் ஆண்டுக் கணக்கை வாய்மொழியாகக் கேட்டுப் பதிந்து, மூலதனத்துக்கு வட்டியைக் கழித்தபின் உழவருக்கு எஞ்சும் உழைப்பு வருவாயை ஒப்பிட்டார். டாம்ப்கின்ஸ் மாவட்டம் பற்றிய அவருடைய அறிக்கை 1911இல் வந்தது. சில பண்ணைகளை மிக நுணுக்கமாக அறிவதா, பல பண்ணைகளைத் தோராயமாக அறிவதா என்ற இந்தப் பிளவு பின்னர் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது.

பள்ளிக் கல்வியில் திருப்பம் ரூஃபஸ் ஸ்டிம்சனிடமிருந்து தொடங்கியது. 1908இல் மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டனில் வேளாண் பள்ளி ஒன்றின் பொறுப்பை ஏற்ற அவர், பள்ளிப் பண்ணையில் பயிற்சி தருவதைக் காட்டிலும் மாணவர் தம் வீட்டு நிலத்தில் சொந்தமாக ஒரு பயிரையோ கால்நடையையோ வளர்க்க வேண்டும் என்றார். பள்ளிப் பண்ணையில் இழப்பு பள்ளியினுடையது. வீட்டில் வளர்க்கும் பன்றி செத்தால் அந்த இழப்பு மாணவருடையது. அந்தப் பொறுப்பு இருக்கும்போதுதான் கணக்குக்கு உயிர் வரும் என்பது வாதத்தின் சாரம். 1917இல் வந்த ஸ்மித்–ஹியூஸ் சட்டம், கூட்டரசு நிதி பெறும் வேளாண் பாடங்களில் ஆண்டுக்குக் குறைந்தது ஆறு மாதமேனும் மேற்பார்வையுடன் கூடிய பண்ணைப் பயிற்சி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 1928இல் கான்சஸ் சிட்டியில் பிறந்த ஃபியூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற மாணவர் அமைப்பு தன் பட்டங்களையும் விருதுகளையும் மாணவரின் கணக்கேட்டோடு இணைத்தது. தலைமுறை தலைமுறையாக அமெரிக்கக் கிராமத்துப் பிள்ளைகள் வரவு செலவு எழுதப் பழகியதற்கு இந்த இணைப்பு பெரிய காரணம்.

இந்த ஏட்டின் அமைப்பு சிக்கலற்றது. ஆண்டுத் தொடக்கத்தில் கையிலுள்ளவற்றின் பட்டியலும் மதிப்பும், ஆண்டு முழுவதும் வரவும் செலவும், பணமின்றிக் கைமாறிய பொருள்கள், ஆண்டிறுதியில் மீண்டும் கையிருப்புப் பட்டியல், கருவிகளுக்குத் தேய்மானம். மாணவர் அதிகம் தடுமாறக்கூடிய இடம் கையிருப்பு. கற்பனை எடுத்துக்காட்டாக, ஒரு மாணவர் ஆண்டுத் தொடக்கத்தில் தலா 7,000 ரூபாய் மதிப்புள்ள 10 ஆடுகள் வைத்திருப்பதாகக் கொள்ளலாம். ஆண்டுக்குள் 6 ஆடுகளைத் தலா 8,000 வீதம் விற்று 48,000 பெறுகிறார். தீவனம், மருந்துச் செலவு 18,000. கையில் 30,000 ரூபாய் மிச்சம், நல்ல இலாபம் என்று தோன்றும். ஆண்டிறுதியில் மீதி 4 ஆடுகள் 28,000, புதிதாகப் பிறந்த 3 குட்டிகள் 7,500, ஆக மொத்தம் 35,500. தொடக்கத்தில் இருந்ததோ 70,000. மந்தையின் மதிப்பில் 34,500 கரைந்திருக்கிறது. ஆக அந்த ஆண்டு உண்மையில் 4,500 ரூபாய் நட்டம். ரொக்கக் கணக்கு மட்டும் எழுதக் கற்ற மாணவர் மந்தையை விற்றுத் தின்பதைச் சம்பாத்தியம் என்று எண்ணிக்கொள்வார். இந்த ஒரு பாடத்தை உறுதியாகக் கற்பித்தாலே பண்ணைக் கணக்குக் கல்வி பாதி நிறைவேறிவிடும்.

மாணவர் பண்ணை முறையின் மேல் வைக்கப்படும் குறைகளும் கனமானவை. தந்தையின் குதிரிலிருந்து எடுத்த தீவனமும், வீட்டாரின் டிராக்டரும், அம்மாவின் உழைப்பும் ஏட்டில் ஏறாமல் போவது எளிது. வட்டாரக் கண்காட்சி ஏலங்களில் மாணவரை ஊக்குவிக்க வணிகர்கள் சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்குவது வழக்கம். அந்த வரவு கணக்கில் சேரும்போது, எந்தப் பண்ணையும் தர முடியாத இலாபத்தை மாணவரின் ஏடு காட்டும். ஏட்டை மதிப்பிடுபவர் விருதுக் குழுவினர் என்றால் மாணவர் அவர்களுக்காக எழுதத் தொடங்குவார். நாள்தோறும் எழுத வேண்டியதைக் கடைசி வாரத்தில் நினைவிலிருந்து நிரப்பும் போக்குக்கும் இதுவே இடம் தருகிறது.

இன்னொரு மாற்றம் சமூகத்திலிருந்து வந்தது. நிலமில்லாத, நகரத்துப் பிள்ளைகள் வேளாண் வகுப்புகளுக்கு வரத் தொடங்கினர். 1963ஆம் ஆண்டின் தொழிற்கல்விச் சட்டம் பண்ணைக்கு வெளியேயுள்ள வேளாண் சார்ந்த வேலைகளையும் பாடத்துக்குள் கொண்டுவந்தது. விதைக் கடையிலோ நாற்றங்காலிலோ சம்பளத்துக்கு வேலை செய்யும் மாணவரின் ஏட்டில் மணி நேரமும் ஊதியமும் கற்ற திறன்களும் இருக்கும், ஐந்தொகை இருக்காது. வாய்ப்பு விரிந்தது நியாயமானது. அதே வேளையில் தொழில் நடத்துபவரின் கணக்கு என்ற பழைய மையம் தளர்ந்தது. இன்று இந்தப் பதிவுகள் பெரும்பாலும் இணையத்தில் ஏறுகின்றன. மாணவர் தொகையை உள்ளிட்டால் மென்பொருள் அறிக்கையை உருவாக்கித் தருகிறது. கூட்டல் பிழை ஒழிந்தது பெரிய நன்மை. ஆனால் இறுதிக் கையிருப்பு இலாபத்தை எப்படி மாற்றுகிறது என்பதைத் தன் கையால் ஒருமுறையேனும் போட்டுப் பார்க்காத மாணவர், திரையில் வரும் எண்ணைக் கேள்வி கேட்க மாட்டார்.

வரி அலுவலகத்துக்கும் வங்கிக்கும் எழுதும் கணக்கு

1913இல் அமெரிக்காவில் கூட்டரசு வருமான வரி வந்தபின் விவசாயி கணக்கு எழுத வேண்டிய சட்டக் கட்டாயம் உருவாயிற்று. எந்தப் பரப்புரையும் செய்யாத வேலையை வரி செய்தது. எனினும் வரிச் சட்டம் பெரும்பாலான விவசாயிகளுக்கு ரொக்க அடிப்படையில் கணக்கு வைக்க இடம் கொடுத்தது. வரியைத் தள்ளிப்போட, அடுத்த ஆண்டின் உரத்தை டிசம்பரிலேயே வாங்குவதும் விளைந்த தானியத்தை ஜனவரி வரை விற்காமல் வைப்பதும் நடைமுறையாயின. வரிக் கணக்கையே பண்ணைக் கணக்காகக் கற்பித்தால் மாணவர் வரியை அறிவார். பண்ணையின் நிலையை அறிய முடியாது.

1980களில் வட்டி ஏறி, நில மதிப்பு சரிந்து, ஏராளமான அமெரிக்கப் பண்ணைகள் கடனில் மூழ்கியபோது இந்த இடைவெளி அம்பலமாயிற்று. ஒவ்வொரு வங்கியும் வெவ்வேறு படிவத்தில், வெவ்வேறு வரையறையில் நிதி அறிக்கை கேட்டது. 1989இல் வங்கியாளர்களின் முயற்சியில் அமைந்த பண்ணை நிதித் தரநிலைப் பணிக்குழு, கடன் தீர்க்கும் வலு, உடனடிப் பணநிலை, இலாபம், திருப்பிச் செலுத்தும் திறன், நிதித் திறன் என்ற ஐந்து கோணங்களில் பொதுவான விகிதங்களை முன்வைத்தது. இவை பின்னர் கல்லூரிப் பாடங்களில் நிலைபெற்றன. பொது மொழி உருவானது இந்த அணுகுமுறையின் அசைக்க முடியாத சாதனை. கடன் கொடுப்பவரின் பார்வை அதில் மேலோங்கியிருப்பது அதன் எல்லை. எந்த வயலில் எதை நடுவது என்று உழவர் முடிவெடுக்க இந்த விகிதங்கள் அதிகம் உதவுவதில்லை.

குறைவாக எழுதுவதே மேலா?

கற்பிப்பதைக் குறைத்தால் கற்பது கூடும் என்று வாதிடுவோரும் உண்டு. அவர்கள் எடுத்துக்காட்டும் ஆய்வு, 2014இல் அலெஹாந்த்ரோ டிரெக்ஸ்லர், கிரெக் ஃபிஷர், அன்டோனெட் ஷோர் ஆகியோர் வெளியிட்டது. டொமினிக்கன் குடியரசில் சிறுகடன் பெற்ற சிறுதொழில் செய்வோரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான கணக்கியல் பயிற்சியும், மற்றொரு பிரிவினருக்குக் கைக்கடக்கமான சில எளிய விதிகளும் கற்பிக்கப்பட்டன. தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனியே வைப்பது அந்த விதிகளின் மையம். எளிய விதிகளைக் கற்றவர்களிடம் கணக்கு வைக்கும் பழக்கம் தெளிவாக மேம்பட்டது. முறையான கணக்கியல் கற்றவர்களிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை.

இதைப் பண்ணைக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும். பெட்டிக்கடையில் பணம் நாள்தோறும் சுழல்கிறது. நெல் வயலில் செலவு முதலிலும் வரவு நான்கைந்து மாதம் கழித்தும் வருகிறது. மரப்பயிரில் இடைவெளி ஆண்டுகளாக நீளும். கையிருப்பையும் தேய்மானத்தையும் விட்டுவிட்ட எளிமை, மேலே சொன்ன ஆட்டு மந்தைக் கணக்கில் தோற்றுப்போகும். மேலும் அந்த ஆய்வில் கற்றவர்கள் தொழில் நடத்தும் பெரியவர்கள், பள்ளி மாணவர் அல்லர்.

இந்தியா: பிறர் எழுதிய கணக்கு

இந்தியாவில் பண்ணைக் கணக்கு பெரும்பாலும் விவசாயியைப் பற்றி எழுதப்பட்டதே தவிர, விவசாயி தமக்காக எழுதியதாக வளரவில்லை. 1954–55இல் தொடங்கிய பண்ணை மேலாண்மை ஆய்வுகள், அன்றைய சென்னை மாநிலத்தின் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்கள் உட்படப் பல பகுதிகளில் நடந்தன. பணியாளர் ஊரிலேயே தங்கி அன்றாடம் பதியும் முறையும், அவ்வப்போது கேட்டுப் பதியும் முறையும் அருகருகே சோதிக்கப்பட்டன. இந்த ஆய்வுகளின் தரவிலிருந்தே சிறு பண்ணைகளில் ஏக்கருக்கு விளைச்சல் அதிகம் என்ற புகழ்பெற்ற விவாதத்தை 1962இல் அமர்த்தியா சென் எழுப்பினார். குடும்ப உழைப்புக்கு எந்தக் கூலியைப் போடுவது என்ற கேள்வி அந்த விவாதத்தின் நெஞ்சிலேயே இருந்தது. சயானோவின் வினா வேறு வழியில் திரும்பி வந்தது எனலாம்.

1970–71 முதல் சாகுபடிச் செலவை அளக்கும் விரிவான திட்டம் நாடு முழுவதும் நடக்கிறது. அதிலிருந்து வரும் செலவுக் கருத்துகள் இன்று அரசியல் மேடையிலும் ஒலிக்கின்றன. கையிலிருந்து கொடுத்த செலவு ஏ2. அதோடு குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் ஏ2+எஃப்எல். சொந்த நிலத்தின் வாடகை, சொந்த மூலதனத்தின் வட்டி ஆகியவற்றையும் ஏற்றினால் சி2. எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் செலவுக்கு மேல் 50 விழுக்காடு ஆதரவு விலை கேட்டது. 2018–19 வரவு செலவுத் திட்டத்தில் அரசு ஒன்றரை மடங்கு விலையை அறிவித்தபோது, அது ஏ2+எஃப்எல் மீதா சி2 மீதா என்பதே சண்டையாயிற்று. தம் வயலின் சி2 எவ்வளவு என்று கணக்கிடத் தெரிந்த விவசாயப் பிள்ளைகள் இருந்தால் இந்த விவாதம் ஊருக்குள்ளேயே நடந்திருக்கும்.

அத்தகைய கல்வி ஏன் வேர்பிடிக்கவில்லை என்பதற்குச் சில காரணங்களைச் சொல்ல முடியும். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வேளாண் வருமானத்தை விலக்கி வைத்தது. அமெரிக்காவில் கணக்கு எழுத வைத்த உந்துதல் இங்கு இல்லை. பயிர்க்கடனும் பண்ணையின் நிதி அறிக்கையைப் பார்த்துத் தரப்படுவதில்லை. நிலப் பரப்பு, பயிருக்கான கடன் அளவு, அடமான நகை ஆகியவற்றைப் பார்த்தே தரப்படுகிறது. எழுதிய ஏட்டைக் கேட்பார் இல்லாதபோது எழுதுவோர் குறைவது இயல்பு.

பள்ளியும் கல்லூரியும் இந்தக் குறையை நிரப்பவில்லை. தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்பில் கணக்குப்பதிவியல் படிக்கும் மாணவர் இரட்டைப் பதிவு, இருப்புநிலைக் குறிப்பு வரை கற்கிறார். எடுத்துக்காட்டுகளோ சரக்கு வாங்கி விற்கும் வணிகருடையவை. வேளாண்மை படிக்கும் மாணவர் செலவுக் கருத்துகளைக் கற்கிறார். ஓர் ஏட்டை ஆண்டு முழுவதும் எழுதி முடிக்கும் பயிற்சி அவருக்குச் சிறிதே. வேளாண் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் மாணவர் கிராமத்தில் தங்கிப் பயிலும் அனுபவத் திட்டம் மதிப்பு மிக்க வாய்ப்பு. ஆனால் அங்கும் விவசாயியிடம் வினாநிரல் வைத்து நினைவிலிருந்து கேட்டுப் பதிவதே நடைமுறைக்கு எளிது. அது கணக்கெடுப்பைக் கற்பிக்கிறது, கணக்கு வைப்பதை அன்று. சில மாதத் தங்கலில் உழவு முதல் விற்பனை வரை ஒரு முழுச் சாகுபடிச் சுற்றைக் காண்பதும் எப்போதும் கைகூடுவதில்லை.

கவனிக்கத் தக்க ஒரு விதிவிலக்கு வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் ஆகியவற்றை ஊர் ஊராகக் கொண்டு சென்றன. பல குழுக்களில் அவற்றை எழுதியவர் படித்த இளம்பெண் ஒருவர். அந்த ஏடுகள் உயிரோடு இருந்ததற்குக் காரணம், எழுதியவரும் படித்தவரும் ஒரே வட்டத்தில் அமர்ந்திருந்ததும், அடுத்த கடன் யாருக்கு என்ற முடிவு அந்த ஏட்டைப் பார்த்தே எடுக்கப்பட்டதும் ஆகும். குழுக்கணக்கு பண்ணைக்கணக்கு ஆகாது. ஆயினும் கிராமத்தில் கணக்கு எழுதும் பழக்கம் வராது என்ற வாதத்துக்கு இது நேரடி மறுப்பு.

தீராதவை

இருக்கும் சான்றுகளைக் கொண்டு சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஒற்றைப் பதிவா இரட்டைப் பதிவா என்ற பழைய சண்டை பள்ளி நிலையில் அவ்வளவு முக்கியமன்று. தொடக்க, இறுதிக் கையிருப்பு இல்லாத கணக்கு எந்த முறையில் எழுதப்பட்டாலும் மாணவரைத் தவறான முடிவுக்கே கொண்டு செல்லும். சொந்தப் பொறுப்பில் நடக்கும் சிறு முயற்சி, பிறர் பண்ணையின் எடுத்துக்காட்டைவிட நன்றாகக் கற்பிக்கும் என்ற ஸ்டிம்சனின் கருத்து நூறாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறது. கணக்கை எழுதுவதற்குத் தரும் நேரத்தில் பாதியையாவது அதைப் படித்து ஒரு முடிவெடுப்பதற்குத் தராத பாடத்திட்டம் குறையுடையது.

மாணவப் பருவத்தில் கணக்கு எழுதியவர்கள் பின்னாளில் தம் பண்ணையிலும் எழுதுகிறார்களா, எழுதுவதால் வருவாய் கூடுகிறதா என்பதைப் பிரித்தறிவது கடினம். நன்றாக நடத்துபவர் கணக்கும் வைப்பார் என்பதால் காரணம் எது, விளைவு எது என்று சொல்ல முடிவதில்லை. குடும்ப உழைப்பை மாணவரின் ஏட்டில் எப்படி எழுதுவது என்பதற்கும் ஒப்புக்கொண்ட விடை இல்லை. கூலி போட்டால் பெற்றோரின் தொழில் ஆண்டுதோறும் நட்டம் என்று பிள்ளையின் கையாலேயே எழுத வேண்டி வரலாம். போடாவிட்டால் தாயின் உழைப்பு ஏட்டிலிருந்தே மறைந்துவிடும். உழைத்த நாள்களை ரூபாயாக்காமல் தனிப் பத்தியில் எழுதி, ஒரு நாள் உழைப்புக்கு என்ன கிடைத்தது என்று கடைசியில் வகுத்துப் பார்ப்பது ஒரு நடுவழி. அது எந்த அளவுக்கு மாணவருக்கு விளங்கும், குத்தகை நிலத்திலும் பல பயிர் கலந்த நிலத்திலும் அதை எப்படிப் பிரிப்பது என்பவை வகுப்பறைகளில் முறையாகச் சோதித்தே அறிய வேண்டியவை.